செவ்வாய்க்கிழமைச் சூடு

பிலோமி கண் விழித்தபோது மணி எட்டு இருபத்தைந்து. அதுவும் செவ்வாய்க்கிழமை. நெஞ்சு பகீர் என்றது. பத்து மணிக்கு நர்ஸ் டெபி வந்துவிடுவாள். வாரத்தின் மற்ற ஆறு நாளும் எட்டரைக்கு எழுந்தாலும் ஒன்பதரைக்கு எழுந்தாலும் ஏன் என்று கேட்க நாதியில்லை, செவ்வாய்க்கிழமை மட்டும் அவள் ஆறு மணிக்கே எழுந்து நைட்டிக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு பேஸ்மென்ட்டுக்கு இறங்கி நிலக்கரி அடுப்பைக் கிளப்பிவிடுவாள். அப்போதுதான் பத்து மணிக்கு அவள் கணவர் சவரிராஜ் படுத்திருக்கும் அறை சூடாக இருக்கும். டெபி உள்ளே வந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அம்மாடி, என்ன கதகதப்பு, புரொபசர், இப்படி ஒரு மனைவி கிடைக்க நீங்கள் கொடுத்துவைத்தவர் என்பாள். புரொபசர் ஒன்றும் சொல்லமாட்டார். சொல்ல வராது. ஜூன் மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதிலிருந்து அவருக்குப் பேச்சு என்பது தொண்டையில் கிடந்து புரளுகிற ஒரு சமாச்சாரம். நாற்பது வருஷம் பென்சில்வேனியா மலைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கல்லூரியில் கணிதம் நடத்திய வாய், வீட்டில் அவளை மூதி, சவம், கோட்டிக்காரி என்று நாள் தவறாமல் அர்ச்சனை செய்த வாய். அந்த வாய்தான் போன செவ்வாய்க்கிழமை டெபியைப் பார்த்துத் தண்ணீர் வேண்டும் என்று முழுசாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டது. டெபி கையைத் தட்டினாள். பிலோமியும் தட்டினாள். இன்றைக்கு இன்னொரு வாக்கியம் சொல்ல வந்தால்? எனக்குக் குளிர்கிறது என்று சொன்னால்? ஏன் தூங்கிப்போனாய், மடச்சி, ஏன் தூங்கிப்போனாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு காலைக் கீழே வைத்தாள். காலுக்கு இதமாக வெப்பக்காற்று வந்து மோதியது. அவளுடைய மாடி அறையில், கட்டிலின் காலடியில், கரண்ட்டில் ஓடுகிற சின்ன ஹீட்டர் ஒன்று இருந்தது. நவம்பரில் வாங்கியது. நல்ல சூட்டில் நல்ல தூக்கம் வரத்தான் செய்யும். அதை அணைக்கக்கூட மனம் வராமல், அணைக்காமலே படி இறங்கினாள்.

அவர் அறையைத் தாண்டித்தான் பேஸ்மென்ட்டுக்குப் போகவேண்டும். கதவு ஒருக்களித்து இருந்தது. அவள் பார்க்க நினைக்கவில்லை, ஆனாலும் பார்த்தாள், மூன்று போர்வைக்குக் கீழே ஒரு மேடு, மேட்டின் நுனியில் மூக்கு, மூக்கிலிருந்து புகை போல மூச்சு. சுவரில் வெப்பமானி. அறுபத்தெட்டு காட்டவேண்டிய இடத்தில் ஐம்பத்தொன்று. அமெரிக்க ஃபாரன்ஹீட் கணக்குதான், இருந்தாலும் ஐம்பத்தொன்று என்பது மனிதர் படுக்கிற சூடு இல்லை, கத்தரிக்காய் கெடாமல் இருக்கிற சூடு. வெளியே உறைநிலைக்கு வெகு கீழே கிடந்தது, ஜன்னலின் உள்பக்கமே பனி வெள்ளையாகப் பொரிந்திருந்தது. அவள் விளக்கைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி அடுப்பு முன்னால், கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, வார்ப்பிரும்புக் கதவைத் திறந்தாள். சாம்பல் மூடிக் கிடந்தது. ஒரு மூலையில், கையகலத்துக்கு, சிவப்பும் இல்லாத கறுப்பும் இல்லாத ஒரு நிறம். செத்துவிட்டதா? சாகவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் செத்திருக்கும். விறகாக இருந்தால் நாலு சுள்ளியைப் போட்டு ஊதலாம், அடுப்புக்கரியாக இருந்தால் விசிறலாம், இது அந்த்ரசைட், கல்லுக்கரி, உடைத்தால் கண்ணாடி மாதிரி பளபளக்கிற சாதி, இதற்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது. கீழ்க்கதவைத் திறந்துவிட வேண்டும், அடியிலிருந்து காற்று ஏறவேண்டும், மெல்லிசாக ஒரு அடுக்கு கரி போடவேண்டும், அது பிடித்து நீலச் சுடர் மேலே ஆடுகிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், பிறகுதான் கைப்பிடியை ஆட்டிச் சாம்பலை உதிர்க்க வேண்டும், பிறகு மறுபடியும் கரி. மூன்று மணி நேரம். மேலே இருந்து மட்டும் குத்தக்கூடாது. குத்தினால் செத்தது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டை வாங்கியபோது அவர் இதே இடத்தில் அவளை நிறுத்தி வைத்து, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு நடத்துகிற மாதிரி நடத்தினார். திருப்பிச் சொல்லு என்றார். அவள் சொன்னாள். சரியாகச் சொன்னாள். சரியாகச் சொன்னதற்காகவும் ஒரு எரிச்சல் பட்டார். ஊரெல்லாம் எண்ணெய்க்கும் காஸுக்கும் மாறியபோதும் அவர் மாறவில்லை, ஒரு சுவிட்சைத் தட்டினால் வருகிற சூடு மூளை இல்லாதவர்களுக்கு என்றார், மூளை என்று சொல்லும்போது அவளைப் பார்த்தார்.

மேலே கட்டில் கிரீச் என்றது. அடுப்புக்கு நேர் மேலே, அவர் அறைத் தரையில், சூடு ஏறுவதற்கென்று ஒரு இரும்புக் கிராதி பதித்திருக்கிறது. சூடு ஏறும், குரல் இறங்கும். "ஏட்டி" என்றது குரல். ஒரு நீண்ட இடைவெளி. "கரி." அவ்வளவுதான். அதற்கே மூச்சு வாங்கியது. அவள் பதில் சொல்லவில்லை. வழக்கமாகவே சொல்வதில்லை. குரல் இறங்குவதைக் கேட்டுக்கொண்டு வாளியில் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழகிவிட்டது, உள்ளதைச் சொன்னால் பிடித்துவிட்டது. முதலில் வேண்டுமென்று செய்ததில்லை. செப்டம்பரில் ஒரு நாள் உடம்பு சரியில்லை, அடுப்பைக் கவனிக்க ஒரு மணி நேரம் பிந்திவிட்டது, மேலே இருந்து ஏட்டி ஏட்டி என்று இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை, பிலோமி, என்றார். முப்பது வருஷத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவையோ என்னவோ. அவளுக்கு ஜில்லென்று ஒரு சந்தோஷம். மறுநாள் ஒன்றரை மணி நேரம் பிந்தினாள். அதற்கும் மறுநாள் இரண்டு. பிறகு ஆட்ட வேண்டிய இடத்தில் ஆட்டாமல் விட்டாள், மூன்று வாளி போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டாள். இப்படியே குளிர்காலம் ஏற ஏற அவளும் இதில் ஒவ்வொரு படியாக ஏறினாள். புகைக்குழாயின் தட்டை முழுசாக மூடிவிட்டால் நச்சுக்காற்று கிராதி வழியாக மேலே போகும், ஒரே ராத்திரியில் எல்லாம் முடிந்துவிடும், அந்த வழியை அவள் யோசிக்காமல் இல்லை. யோசித்து வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். பாவம் என்று பயந்து அல்ல. செத்தவனுக்குக் குளிராது.

எழுந்து கரி அறைக்குப் போனாள். அறை என்றால் பலகை அடைத்த ஒரு மூலை, அதன் மேலே தெருமட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல். ஒவ்வொரு ஜூனிலும் லாரி வந்து அந்த ஜன்னலில் தகரச் சறுக்கை மாட்டி ஐந்து டன்னைக் கொட்டும், வீடே இடிகிற மாதிரி ஒரு சத்தம், அவருக்கு அது கோயில் மணி. கொட்டுவதற்கு முன்னால் லாரியில் ஏறி ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்ப்பார், வெயிலில் திருப்புவார், இது நெல்லிக்காய் அளவு இல்லை, சுண்டைக்காய் கலந்திருக்கிறது என்று டிரைவரிடம் மல்லுக்கு நிற்பார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட இவ்வளவு கூர்ந்து பார்க்கவில்லை. சிதறினதைப் பொறுக்குவது அவள் வேலை. இந்த ஜூனில் லாரிக்குச் சொல்ல வேண்டிய வாரத்தில்தான் அவர் விழுந்தார். அவளும் சொல்லவில்லை. போன வருஷத்து மிச்சம் இத்தனை நாள் ஓடியதே அவள் செய்த சிக்கனத்தால்தான், அந்தப் பெருமையை அவரிடம் சொல்லிக்கொள்ள முடியாதது ஒன்றுதான் குறை. இப்போது மூலையில் கிடந்தது கரி இல்லை, தூள். தூளைப் போட்டால் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு காற்று ஏறாது. இரண்டு வாரமாகக் கிராதி வழியாக இறங்குகிறது, கரி, கரி என்று. போன் மேலே, சமையலறை அடுப்படியில்தான் இருக்கிறது. ஒரு போன் அடித்தால் மறுநாள் லாரி நிற்கும். அடிக்கவில்லை. ஒரு நாள் போனைக் கையில் எடுத்து, நம்பரும் போட்டு, அந்தப் பக்கம் ஒருவன் ஹலோ என்றதும் வைத்துவிட்டாள். தூளுக்குள் கையை விட்டுத் துழாவித் துழாவி, கட்டியாக அகப்பட்டதைப் பொறுக்கினாள். அரை வாளி தேறியது. விரல் நுனி கறுத்து விறைத்தது. மணி ஒன்பது ஐந்து. கொண்டுவந்து, அந்தக் கையகல நிறத்தின் மேல் ஒன்று ஒன்றாக அடுக்கி, கீழ்க்கதவைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி வாளியில் உட்கார்ந்தாள். கரி பொட் பொட்டென்று வெடித்தது. பிடி, பிடித்துத் தொலை. பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றது நெருப்பைக் கிளறுகிற கம்பி. அவள் கை தானாக அதன் பக்கம் போய்த் தானாகத் திரும்பியது. அந்தக் கம்பியைப் பார்க்கக்கூடாது என்றுதான் எப்போதும் நினைப்பாள். பார்த்தால் அப்பா வந்துவிடுவார்.

அப்பா அமெரிக்கா வந்தது ஒரே ஒரு தடவை. அம்மா இறந்துபோன வருஷம். திசையன்விளையை விட்டு மெட்ராஸ்கூடத் தாண்டாத மனுஷன், தேரிக்காட்டு வெயிலில் காய்ந்த உடம்பு, போஸ்ட் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ரிட்டயர் ஆனவர், மகளுக்கென்று கருப்பட்டியும் முந்திரிக்கொத்தும் கட்டிக்கொண்டு ஜனவரியில் வந்து இறங்கினார். ஜனவரியில் வராதீங்க என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, இல்லை, அவளுக்குத் தோன்றியது, டிக்கெட் மலிவு என்று சவரிராஜ்தான் எடுத்தார். வந்த நாலாம் நாள் காலையில், எல்லாருக்கும் முன்னால் எழுந்து, மகள் தூங்கட்டும் என்று, அப்பாவே கீழே இறங்கியிருக்கிறார். அடுப்பில் சாம்பல் மூடிக் கிடந்திருக்கிறது. ஊரில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். கம்பியை எடுத்து மேலாகக் கிளறி, கங்கைப் புரட்டிவிட்டு, குனிந்து ஊதினார். ஊதியிருக்கிறார், அந்த வயதில், முட்டிபோட்டு. பத்து நிமிஷத்தில் அடுப்பு அணைந்துபோனது. செப்டம்பரிலிருந்து அணையாத நெருப்பு. சவரிராஜ் இறங்கி வந்து பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சிரித்தார். நான் பத்த வைக்கப்போறதில்ல, ரெண்டு நாள் கிடக்கட்டும், அப்பத்தான் உங்க ஆளுகளுக்குப் புத்தி வரும் என்றார். அவர் பகலெல்லாம் கல்லூரியில் இருந்தார், அங்கே சூடு இருந்தது. அப்பா இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டு ஜெபமாலையை உருட்டிக்கொண்டு சோபாவில் இருந்தார். மாப்பிள்ள, தெரியாம செஞ்சிட்டேன், மனசுல வச்சிக்கிடாதீங்க என்றார். எழுபது வயசு ஆள். அவளுக்கும் பத்த வைக்கத் தெரியும். அவர் நடத்திய பாடத்தில் அதுதான் முதல் பாடம். இரண்டு பகல் முழுக்க சவரிராஜ் வீட்டில் இல்லை, அவள் இருந்தாள், கரி இருந்தது, சுள்ளி இருந்தது, தீப்பெட்டி இருந்தது. பத்த வைக்கவில்லை. வைத்தால் சாயங்காலம் வந்து என்ன சொல்வாரோ என்று வைக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வேண்டாம், அதை நினைக்காதே. நீலச் சுடர் வருகிறதா பார். வரவில்லை. மணி ஒன்பது இருபது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அவள் என்ன செய்தாள், அப்பாவுக்குக் காபி கொண்டுபோய் நீட்டிக்கொண்டே, ஏம்ப்பா, தெரியாத வேலையில எதுக்குக் கைய வைக்கிறிய, இப்ப எல்லாருக்கும்லா கஷ்டம் என்றாள். எல்லாருக்கும் என்றாள். அப்பா தம்ளரைச் சூட்டுக்காக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆமம்மா, என் தப்புதான் என்றார். மார்ச் வரை இருப்பதாக வந்தவர் அந்த மாசமே கிளம்பிவிட்டார். ஊருக்குப் போய் இருமல் மூன்று மாசம் நிற்கவில்லை என்று தம்பி எழுதினான். அதற்கப்புறம் எட்டு வருஷம் இருந்தார், போனில் ஒருநாள்கூட அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லித் திட்டியிருந்தால் இது இப்படி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்காது. அந்த இரண்டு நாளுக்குத்தான் இந்தக் குளிர்காலம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளுக்கு நூறு நாள், நல்ல வட்டிதான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு? அது அவர் சொன்னதில்லையே, அவள் சொன்னதல்லவா, அதற்கு யாரைக் குளிரில் போடுவது? இங்கே வந்ததும் நினைப்பு எப்போதும்போல நொண்டியது, நொண்டிக்கொண்டு மறுபடி அவரிடமே போனது. அவர்தான். அவர் சிரித்ததால்தான். அவரால்தான் அப்படிச் சொன்னேன்.

மணி ஒன்பது ஐம்பது. மூலையில் ஒரு சுடர், நீலமாக, ஒரு விரல் நகம் அளவு. இது அறைக்கு ஏற மத்தியானம் ஆகும். பயம் இப்போது பயமாகவே வந்தது. டெபி ரிப்போர்ட் எழுதுவாள். எழுதினால் ஆபீஸிலிருந்து ஆள் வருவார்கள். அவரை முதியோர் ஹோமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அங்கே எழுபது டிகிரி, வெள்ளைப் படுக்கை, மணியடித்தால் ஆள், ராஜா மாதிரி இருப்பார். அவளைப் போலீஸ் பிடிக்குமா? பிடிக்கட்டும். சர்ச்சில் தெரியும், ஊரில் தெரியும், தம்பி மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். அதைவிட, அதைவிட, காலையில் இந்த வாளியில் உட்கார்ந்தால் மேலே யாரும் இருக்கமாட்டார்கள். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. மாடியிலிருக்கிற ஹீட்டரை அவர் அறையில் கொண்டுபோய் வைத்தால் என்ன? வைக்கலாம். பத்து நிமிஷம் போதும். எழுந்தாள். நின்றாள். அதைப் பார்த்தால் இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரிந்துபோகும். அப்படியே நின்றுகொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது.

டெபி கோட்டைக் கழற்றவில்லை. நல்ல திடகாத்திரமான பெண், உள்ளூர்க்காரி, சுரங்கத் தொழிலாளியின் மகள், எப்போதும் சிரிப்பும் பேச்சுமாக வருகிறவள் இன்றைக்கு அறை வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள். சுவரிலிருந்த வெப்பமானியைப் பார்த்தாள். நேராகப் போய்ப் போர்வைக்கு அடியில் கையை விட்டு அவர் பாதத்தைப் பிடித்தாள்.

"ஐஸ் மாதிரி இருக்கிறதே. எத்தனை நாளாக இப்படி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பிலோமியிடம் கேட்கவில்லை, அவரிடம் கேட்டாள்.

கரி தீர்ந்துவிட்டது, லாரி இன்றைக்கு வருகிறது என்று பிலோமி ஒரு வாக்கியத்தைப் படியேறும்போதே தயாராக வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டு அவர் உதடு கூடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோணின பக்கம் துடித்தது. நாக்கு எதையோ தேடியது. கையும் களவுமாக அகப்பட்டாயிற்று, சொல்லிவிடப் போகிறார், சொல்லட்டும், சீக்கிரம் சொல்லித் தொலைக்கட்டும்.

"நான்... தான்... சொன்னேன்" என்றார் சவரிராஜ், அவரும் ஆங்கிலத்தில். "எனக்கு... சூடு... பிடிக்காது."

டெபி சிரிக்கவில்லை. "பிடிக்காவிட்டாலும் உங்கள் உடம்புக்கு வேண்டும், புரொபசர். அடுத்த வாரமும் இப்படி இருந்தால் நான் ஆபீஸில் சொல்லியாக வேண்டும்." ரத்த அழுத்தம் பார்த்தாள், எழுதினாள், போகும்போது பிலோமியின் தோளைத் தொட்டு, "பிடிவாதக்காரர் சொல்கிறதையெல்லாம் கேட்கக்கூடாதம்மா" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

கார் கிளம்பிப் போகிற சத்தம் அடங்குகிறவரை பிலோமி அறை வாசலிலேயே நின்றாள். தப்பித்தோம் என்று இருக்கவேண்டிய இடத்தில் ஏமாந்த மாதிரி இருந்தது. அப்படியானால் தெரியும். முப்பது வருஷம் அந்த அடுப்போடு குடும்பம் நடத்திய மனுஷனுக்கு, கிராதிக்குப் பக்கத்தில் காதை வைத்துப் படுத்திருக்கிறவருக்கு, எப்படித் தெரியாமல் போகும்? அவள் ஆட்டியது, ஆட்டாமல் விட்டது, மூன்று வாளிக்கு ஒரு வாளி, செவ்வாய்க்கிழமைச் சூடு, எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே கரி கரி என்று மட்டும் சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை? இரக்கமா? இவருக்கா?

"ஏட்டி" என்றார். கண் அவள் மேலேயே இருந்தது. அந்தக் கண்ணை அவள் இதற்கு முன்னால் அந்த முகத்தில் பார்த்ததில்லை. "ஹோமுக்கு... அனுப்பிராத." மூச்சு வாங்கினார். கோணின வாயோரத்தில் எச்சில் இறங்கியது. "நான்... தாங்கிக்கிடுதேன்."

இரக்கம் இல்லை. பயம். அவளைப் பார்த்துப் பயம். இதற்காகத்தானே, என்று அவள் மனசுக்குள் ஏதோ ஒன்று சொன்னது, இதற்காகத்தானே செப்டம்பரிலிருந்து. எச்சிலைத் துடைத்துவிட்டிருக்கலாம். கீழே இறங்கி நீலச் சுடர் அகலமாகிவிட்டதா என்று பார்த்திருக்கலாம். அடுப்படிக்குப் போய் லாரிக்குப் போன் அடித்திருக்கலாம். அவள் நாற்காலியை இழுத்து, கட்டிலோடு ஒட்டிப் போட்டு, கோட்டைக் கழுத்துவரை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். காதை அவர் வாய்ப்பக்கம் கொண்டுபோனாள்.

"என்ன சொன்னிய? சரியாக் கேக்கல" என்றாள்.

"அனுப்பி... ராத" என்றார் அவர். இந்தத் தடவை இன்னும் கஷ்டப்பட்டது. நெற்றியில், அந்தக் குளிரிலும், பொடிப்பொடியாக வேர்த்தது. "அனுப்பிராதட்டி. எவ்வளவு... குளிர்னாலும்..." அதற்கு மேல் நாக்கு எழவில்லை.

முதல் தடவையே ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. நெஞ்சுக்குள் இனிப்பாக, வெதுவெதுப்பாக ஒன்று பரவியது. இது பாவம், சர்ச்சில் எந்தச் சாமியாரிடம் போய்ச் சொன்னாலும் தீராத பாவம் என்று நன்றாகத் தெரிந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

அவர் வாயைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.